பார்சல் காகிதம், டீ கப்: மறுசுழற்சிக்கும் போக வேண்டும், ரசாயனமும் இருக்கக் கூடாது. வழி உண்டா?

பொள்ளாச்சி மெஸ்:

வணக்கம். பொள்ளாச்சியில் சின்ன மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, தோசை. மதியம் சாப்பாடு, பிரியாணி. மாலையில் பஜ்ஜி, போண்டா. ராத்திரி பரோட்டா. பாதி வியாபாரம் பார்சல்தான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்ததும் நாங்கள் எல்லாரும் காகிதத்துக்கு மாறினோம். ஆனால் இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கை எடுத்துப் பார்த்தால் எனக்கே நெருடுகிறது. இட்லிக்கு உள்பக்கம் வழவழப்பான பழுப்புத் தாள். பிரியாணிக்கு அட்டை டப்பா. பஜ்ஜிக்கு எண்ணெய் வெளியே தெரியாத பை. பரோட்டாவுக்கு பட்டர் பேப்பர். எல்லாவற்றிலும் பச்சை இலைப் படமும் "ஈகோ", "பயோ" என்ற அச்சும் உண்டு. இதில் என்ன பூசியிருக்கிறது என்று சப்ளையரைக் கேட்டால், "ஃபுட் கிரேடு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பழைய பேப்பர்க்காரர் இதில் ஒன்றையும் தொடமாட்டேன் என்கிறார். முட்டை அட்டையும் எண்ணெய் பாக்கெட் வந்த பெட்டியும் மட்டும் எடுத்துக்கொள்கிறார். மீதி எல்லாம் குப்பை வண்டிக்குத்தான் போகிறது.

என் கேள்வி இதுதான். சாப்பிடுகிறவர் உடம்புக்குக் கெடுதல் இல்லாத, பழைய பேப்பர்க்காரரும் எடுத்துக்கொள்கிற காகிதம் நம் ஊரில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எப்படிக் கேட்டு வாங்குவது? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழ்த்தொட்டி:

அண்ணா, உடுமலைப் பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் ஆலையில், பழைய அட்டையைக் கூழாக்கும் பல்ப்பர் தொட்டிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய பேப்பர்க்காரர் ஏன் தொடமாட்டார் என்பது எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் புரிந்துவிடும்.

பல்ப்பரின் அடியில் ஒரு தகடு சுழலும். கிரைண்டரில் மாவு ஆடுவது போல அட்டை தண்ணீரில் சுழன்று சுழன்று நார் நாராகப் பிரியும். சாதா அட்டைப்பெட்டி இருபது நிமிடத்துக்குள் கூழாகிவிடும். பாலித்தீன் பூசிய தாளுக்கு அந்த நேரம் போதாது. தண்ணீர் உள்ளே போக வழியில்லை, வெட்டுப்பட்ட ஓரத்தில் மட்டும்தான் ஊறும். அடுத்த லோடு காத்திருக்கும்போது நாங்கள் இதற்காக நின்றுகொண்டிருக்க முடியாது. கரையாதது சல்லடையில் மாட்டிக் கழிவாக, ரிஜெக்டில் போய்விடும், நல்ல நாரும் அதோடு போய்விடும். தொட்டியில் ஒரு கயிறு தொங்கும், ராகர் என்போம். பிளாஸ்டிக், சணல், கட்டுக்கம்பி எல்லாம் அதில் முறுக்கிக்கொண்டு தடித்த வடமாக மேலே வரும். அந்த வடத்தை வெட்டிப் பார்த்தால் உங்கள் இட்லித் தாளின் உள்பக்கப் படலம் கிழியாமல் அப்படியே இருக்கும்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், டீ கப்பில் இருப்பது முதல் தரமான நார். பெரும்பாலும் புது மரக்கூழ். எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான் பாலித்தீன். அந்தச் சின்னப் பங்குக்காக மொத்தமும் வீணாகிறது. கப்புக்கென்றே தனி ஏற்பாடு வைத்தால் பிரிக்கலாம். இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் ஓர் ஆலை செய்கிறது. ஆனால் அதற்கு கப் மட்டும் தனியாக, சுத்தமாக வந்து சேர வேண்டும். ஒரு டீக்கடையில் நாள் முழுக்கச் சேரும் கப்பை நசுக்கி மூட்டை கட்டினால் எடை எவ்வளவு தேறும்? வண்டி வாடகைக்குக்கூட வராது.

"பயோ" என்று அச்சடித்த கப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோளத்தில் செய்த பிஎல்ஏ பூசியிருப்பார்கள். தொட்டிக்குள் அதுவும் பாலித்தீன் மாதிரியேதான், படலமாக நின்றுகொள்ளும். வீட்டுக் குப்பைக்குழியிலும் லேசில் மக்காது. 58 டிகிரி வாக்கில் சூடு நிற்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். அப்படி ஓர் உரக்கூடம் உங்கள் ஊரில் இருந்து, கப் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அந்த அச்சுக்கு அர்த்தம்.

ஆய்வக மலர்:

உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் இருக்கிறேன். கூழ்த்தொட்டி தம்பி சொன்னது கண்ணுக்குத் தெரியும் பூச்சு. சல்லடையில் மாட்டுவதால் குறைந்தபட்சம் அதைப் பிடித்துவிடலாம். எனக்குப் பெரிய கவலை சல்லடையில் மாட்டாதது.

மெஸ் சார், எண்ணெய் வெளியே தெரியாத அந்த பஜ்ஜிப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பு இல்லாமல் சாதாக் காகிதம் போலவே இருந்து, எண்ணெயும் இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபுளோரின் சேர்மங்களை. பிஎஃப்ஏஎஸ் என்பார்கள். கார்பனும் ஃபுளோரினும் பிடித்துக்கொண்ட பிணைப்பு அவ்வளவு வலுவானது. தண்ணீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது, அதனால்தான் காகிதத்தில் போட்டார்கள். அதே காரணத்தால் மண்ணிலும் தண்ணீரிலும் உடையாமல் கிடக்கும். இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான பொருட்கள் உண்டு. அவற்றில் பிஎஃப்ஓஏ என்ற ஒன்றை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது.

2017 இல் அமெரிக்காவில் துரித உணவுக் கடைகளின் பொதிகள் நானூறு அளவில் எடுத்துப் பார்த்தார்கள். உணவைச் சுற்றும் தாள்களில் 46 சதவீதத்திலும் அட்டை டப்பாக்களில் 20 சதவீதத்திலும் ஃபுளோரின் இருந்தது. அங்கே 2024 பிப்ரவரியில், எண்ணெய் தடுக்க இந்தச் சேர்மங்களைக் காகிதத்துக்கு விற்பது நின்றுவிட்டது என்று உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. நம் நாட்டில் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ ஒரு விதிமுறை வரைவு வெளியிட்டது. உணவு படும் பொருட்களைத் தயாரிப்பதில் பிஎஃப்ஏஎஸ் சேர்க்கக் கூடாது என்பது அதில் உள்ள முன்மொழிவு.

இதை மறுசுழற்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பை தொட்டியில் நன்றாகவே கரையும். அதில்தான் ஆபத்து. கரைந்த பிறகு கொஞ்சம் புதுக் காகிதத்தில் ஏறும், மீதி கழிவுநீரிலும் கசடிலும் போகும். ஜெர்மனியில் ராஸ்டாட் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் விளைநிலம் இதனால் கெட்டது 2013 இல் தெரியவந்தது. காகித ஆலைக் கசடு கலந்த உரத்தை வயலில் போட்டதுதான் காரணம் என்று அதிகாரிகள் கருதுகிறார்கள். நிலத்தடி நீர்வரை போய்விட்டது. ஆகவே "மறுசுழற்சிக்குப் போகுமா", "உடம்புக்கு ஆகுமா" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கவே கூடாது என்பேன். இன்றைக்குக் காகிதத்தில் போடுவதைத்தான் அடுத்த காகிதத்தில் சாப்பிடுவோம்.

கப் மெஷின்:

மதுரைப் பக்கம் பேப்பர் கப் போடும் சிறு யூனிட் என்னுடையது. எல்லாரும் கப்பையே அடிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தடைக்கு முன்னால் பிளாஸ்டிக் டம்ளருக்கு மாற்று பேப்பர் கப்தான் என்று ஊரே சொன்னது. அதை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் கடன் வாங்கி மெஷின் போட்டோம். 2018 இல் வந்த அரசாணையின் 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகித கப்பும் இருந்தது. எங்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கப் தடை செல்லும் என்றது, நான்-ஓவன் பை விஷயத்தை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. மத்திய அரசின் 2022 ஜூலை தடைப் பட்டியலில் எங்கள் கப் இல்லை. எல்லை தாண்டினால் சட்டப்படி சரக்கு, இந்தப் பக்கம் வந்தால் குற்றம். இருந்தும் எந்த ஊர் டீக்கடைக்குப் போனாலும் கப் இருக்கிறது. ஒழுங்காகத் தொழிலை விட்டவன்தான் நஷ்டப்பட்டான்.

கரக்பூர் ஐஐடி ஆய்வைக் காட்டுவார்கள். 100 மில்லி சுடுநீரை 15 நிமிடம் கப்பில் வைத்தால் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள் வருகிறதாம். டீயை 15 நிமிடம் வைத்துக்கொண்டு யார் குடிக்கிறார்கள்? பாலித்தீன் உணவுக்கு ஏற்றது என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட பொருள். பால் பாக்கெட் முழுக்க அதுதானே?

ஆய்வக மலர்:

கப் மெஷின் சார், உங்கள் நஷ்டம் உண்மை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆய்வு 2021 வாக்கில் வந்தது. தண்ணீர் 85 முதல் 90 டிகிரி. சிலர் குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்கள், 15 நிமிடம் ஆகும் என்ற கணக்கில் செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் குடித்தால் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. பால் பாக்கெட்டில் பால் குளிர்ச்சியாக இருக்கிறது, கப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறோம். வித்தியாசம் அங்கேதான். அந்தத் துகள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் "கப்பில் டீ குடித்தால் இந்த நோய் வரும்" என்று பரவும் வாட்ஸ்அப் செய்திகளை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரு நாளைக்கு நான்கைந்து டீ குடிக்கிற கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநருக்குக் கண்ணாடி கிளாஸ் இருக்கும்போது இதைக் கொடுக்க என்ன அவசியம் என்றுதான் கேட்பேன்.

கரவெட்டி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் சோற்றுப் பார்சல் என்றாலே லஞ்ச் சீட்தான். மெல்லிய பொலித்தீன் தாளில் சோறு கறியை வைத்து, அதன்மேல் பத்திரிகையால் சுற்றித் தருவார்கள். 2017 செப்டம்பர் 1 முதல் இலங்கையில் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கும் தடை. பிறகு "உக்கக்கூடியது" (மக்கக்கூடியது) என்ற பெயரில் அதே மாதிரித் தாள்கள் வந்தன. தொட்டுப் பார்த்தால் எது எதென்று எங்களால் சொல்ல முடியாது. மேலே சுற்றுகிற பத்திரிகையைப் பற்றி யாருமே கதைக்கவில்லை. அதில் ஒன்றும் பயமில்லையா அக்கா?

அச்சகம்:

பத்திரிகைத் தாள் பற்றி நான் சொல்கிறேன். சிவகாசியில் பெட்டி அச்சடிக்கும் வேலை.

செய்தித்தாள் மையில் கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலிய எண்ணெய் இருக்கும். அந்த மை நாம் நினைப்பதுபோல் உலர்ந்து இறுகுவதில்லை, காகிதத்துக்குள் ஊறி நிற்கிறது, அவ்வளவுதான். பழைய பேப்பரைத் தடவினால் இன்றும் விரலில் கறுப்பு ஒட்டும். அதில் சூடான வடையை வைத்தால் எண்ணெய் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். எஃப்எஸ்எஸ்ஏஐ 2016 இலேயே எச்சரித்தது. 2018 பொதியல் விதிமுறையில் செய்தித்தாளில் உணவு கட்டக் கூடாது என்று எழுதியே வைத்தது. 2023 இல் மறுபடியும் சொன்னது. எங்கள் தெருவில் இன்றும் பஜ்ஜி தினசரித் தாளில்தான் வருகிறது. படித்தவர்களும் வாங்கி, எண்ணெயை அதிலேயே ஒற்றிச் சாப்பிடுகிறார்கள். மனசு பதறுகிறது.

நேரடியாக உணவு வைக்காவிட்டாலும் பிரச்சினை தொடரும். பழைய செய்தித்தாளைக் கூழாக்கிச் செய்த அட்டையிலும் அந்தக் கனிம எண்ணெய் இருக்கும். சூரிச் மாநில ஆய்வகம் 2010 வாக்கில் இதை உலகத்துக்குக் காட்டியது. அட்டையிலிருந்து ஆவியாகி உள்ளே இருக்கும் அரிசி, மாவு, நூடுல்ஸில் படிகிறது. தொட வேண்டியதே இல்லை. உள்ளே சாதா பாலித்தீன் கவர் போட்டாலும் அதைத் தாண்டி வரும்.

அதனால் மெஸ் அண்ணன், டப்பாவின் உள்பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் உணவை நேராக அதில் வைக்காதீர்கள். வெள்ளை வெளிப்பக்கத்தில் அழகாக அச்சிட்டு, உள்ளே சாம்பல் அட்டையாக வரும் இனிப்புப் பெட்டிகள் நிறைய. அது பழைய பேப்பர் அட்டை. வெளியுறைக்குச் சரி. லட்டுக்கு அடியில் சரியில்லை.

இன்னொன்று, அச்சிட்ட தாளை ரீலாகச் சுற்றும்போதும் கட்டாக அடுக்கும்போதும் வெளிப்பக்க மை உள்பக்கத்தில் லேசாக ஒட்டும். செட்-ஆஃப் என்போம். 2005 இல் இத்தாலியில் குழந்தைப் பால் அட்டைப்பெட்டிகளைப் பறிமுதல் செய்தது இதனால்தான். புறஊதாக் கதிரில் உலரும் மையில் இருந்த ஐடிஎக்ஸ் என்ற பொருள் பாலில் போய்விட்டது. இங்கே உணவுப் பொதிக்கான மைக்கு ஐஎஸ் 15495 என்ற தரம் இருக்கிறது. என்னிடம் வருகிற கடைக்காரர்களில் அதைக் கேட்பவர் அபூர்வம். நான்கு வண்ணத்தில் பெரிசாகக் கடைப் பெயர் வேண்டும் என்பார்கள். ஒரே வண்ணத்தில் சின்னதாக, வெளிப்பக்கம் மட்டும் போட்டாலே பாதித் தலைவலி குறையும். ஆலையில் மை நீக்கும் வேலையும் குறையும்.

கூழ்த்தொட்டி:

அச்சகம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் பில் மெஷினிலிருந்து வருகிற வழவழப்பான தாளைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள். சூட்டால் எழுத்து விழும் அந்த வெப்பத்தாளில் பிஸ்பீனால் வகை ரசாயனம் இருக்கும். கூழில் கலந்து எல்லா அட்டையிலும் பரவும். ஐரோப்பாவில் 2020 முதல் பில் தாளில் பிஸ்பீனால்-ஏ கட்டுப்பாடு வந்தது. பல இடங்களில் அதன் தம்பியான பிஸ்பீனால்-எஸ்ஸைப் போட்டுச் சமாளித்தார்கள். எங்கள் தொட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாழைத்தோப்பு:

இவ்வளவு சிரமம் எதற்கு? வாழை இலை, மந்தாரை இலை, தாமரை இலை, பாக்குமட்டை இருக்கின்றனவே. ஆய்வகமும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். ஆட்டுக்குப் போட்டால் தின்றுவிடும்.

பொள்ளாச்சி மெஸ்:

ஐயா, இலையில் சாப்பாடு போடுவது இன்றும் நடக்கிறது, மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு இலைதான். பார்சலில் பரோட்டாவுக்கும் இட்லிக்கும் இலையைத் தணலில் வாட்டிக் கட்டலாம். ஆனால் புயல், மழை என்றால் தலைவாழைக் கட்டு விலை ஏறிவிடும், அன்றைக்குக் கிடைக்காமலும் போகும். சாம்பார் சாதத்தை இலையில் கட்டி ஸ்கூட்டரில் அரை மணி நேரம் அனுப்ப முடியாது. இலைக்கு மேலே சுற்றவும் ஏதாவது வேண்டும்.

ஆய்வக மலர்:

பாக்குமட்டை பற்றி ஒரு செய்தி. 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாக்கில் இயற்கையாக இருக்கும் அரிகோலின் போன்றவை உணவில் இறங்கலாம் என்பது காரணம். கர்நாடகத்திலும் நம் மேற்கு மாவட்டங்களிலும் ஏற்றுமதியை நம்பியிருந்தவர்களுக்குப் பெரிய அடி. விருந்துக்கு ஒருநாள் பயன்படுத்துகிறவர்கள் இதற்காக நடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயற்கை என்ற ஒரே காரணத்துக்காகச் சோதிக்காமல் விட முடியாது என்பதற்காகச் சொன்னேன். வாழை இலைக்கு என் முழு ஓட்டு. இலை விலை ஏறும் நாளில் பச்சை நிறத்தில் வாழை இலை மாதிரியே அச்சிட்ட தாளை விரிக்கிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். மேலே பாலித்தீன், கீழே அச்சு மை. அதன்மேல் சுடச்சுட ரசம்.

டேனிஷ் தமிழ்:

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரத்தில் இருக்கிறேன். இங்கே இது நடந்து முடிந்த கதை என்பதால் சொல்கிறேன். 2015 இல் கூப் என்ற பெரிய அங்காடிச் சங்கிலி மைக்ரோவேவ் பாப்கார்ன் விற்பதையே நிறுத்திவிட்டது. பையில் ஃபுளோரின் சேர்மம், அது இல்லாத பை கொண்டுவா, அப்புறம் பார்க்கலாம் என்று சப்ளையர்களிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடமே ஃபுளோரின் இல்லாத பையில் பாப்கார்ன் அலமாரிக்குத் திரும்பி வந்தது. 2020 ஜூலை 1 முதல் காகித, அட்டை உணவுப் பொதிகளில் பிஎஃப்ஏஎஸ் சேர்க்க நாடு முழுக்கத் தடை. ஒரு நாடு முழுக்கப் போட்ட தடைகளில் உலகிலேயே முதல் இதுதான். பேக்கரிகள் மூடிவிடவில்லை. கேக், பர்கர் எல்லாம் காகிதத்தில்தான் வருகிறது. சட்டம் வருவதற்கு முன்பே வாங்குகிறவர்கள் மாற்ற வைத்தார்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல நினைத்தேன்.

பொள்ளாச்சி மெஸ்:

ஃபுளோரின் இல்லாமல் எண்ணெயை எப்படித் தடுக்கிறார்கள்?

கூழ்த்தொட்டி:

கூழை மிக நீண்ட நேரம் அடிப்பார்கள் அண்ணா. நார் பிசிறு பிசிறாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், ஓட்டை அடைபடும், எண்ணெய் நுழைய இடமிருக்காது. பழைய காலத்து கிரீஸ்புரூஃப் தாள் அப்படித்தான். ரசாயனமே வேண்டாம், கரண்ட் செலவுதான் கூடும். அதையே கனமான உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்தால் கிளாசின், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி தெரியும். ஃபுளோரின் மருந்து வந்ததும் இவ்வளவு நேரம் அடிக்கத் தேவையில்லாமல் போனது. மலிவான தாளிலேயே அந்தத் திறன் கிடைத்தது. அதுதான் மாற்றியது.

சல்ஃப்யூரிக் அமிலத்தில் முக்கிக் கழுவும் பார்ச்மென்ட் தாள் இன்னொரு வகை. அதில் ஃபுளோரின் வேண்டியதில்லை, ஆனால் தொட்டியில் கரைய அடம்பிடிக்கும். சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளும் எங்களுக்கு ஆகாது. கடையில் இவை எல்லாவற்றுக்கும் பட்டர் பேப்பர் என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயரை நம்பி வாங்கினால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆய்வக மலர்:

மெஸ் சார், வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தாளைச் சமமாக வைத்து, உணவு படும் பக்கத்தில் பென்சில் நுனியால் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு உருண்டையாக எழும்பி நின்றால் சந்தேகம். தட்டையாகப் பரவினாலோ ஊறினாலோ பெரும்பாலும் ஃபுளோரின் இல்லை. இன்னொரு துண்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுக் காலையில் விரலால் தேயுங்கள். படலம் இருந்தால் தனியாக உரியும்.

பொள்ளாச்சி மெஸ்:

செய்து பார்த்தேன் மேடம். பஜ்ஜிப் பையில் சொட்டு உருண்டு நின்றது. தாளைச் சாய்த்தால் ஓடுகிறது, பின்னால் தடமே இல்லை. சொட்டு சொட்டாகப் பல இடத்தில் வைத்தேன், எல்லா இடத்திலும் அப்படியே. பட்டர் பேப்பரில் தட்டையாகப் பரவி, சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தபோது பின்பக்கம் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது. இட்லித் தாளைத் தண்ணீரில் போட்டிருந்தேன். காலையில் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் முழுத் தாளளவுக்குப் பாலித்தீன் உரிந்து வந்தது. காகிதம் கையோடு கூழாகிவிட்டது. பிரியாணி டப்பாவின் உள்பக்கமும் அதே மாதிரி உரிந்தது. அந்தப் பாலித்தீனை மேஜையில் விரித்து வைத்து என் சமையல்காரர்களுக்கும் காட்டினேன். பேப்பரில்தான் கட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பஜ்ஜிப் பை ஃபுளோரின்தான் என்று முடிவு கட்டலாமா?

ஆய்வக மலர்:

முடிவு கட்டக் கூடாது. சிலிக்கோன் பூச்சிலும் சொட்டு எழும்பி நிற்கும். உறுதியாகத் தெரிய, ஆய்வகத்தில் தாளை எரித்து மொத்த ஃபுளோரினை அளக்க வேண்டும். டென்மார்க் ஒரு கிலோ காகிதத்துக்கு 20 மில்லிகிராம் என்று ஒரு கோடு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதியல் சட்டம் 2026 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறை. மொத்த பிஎஃப்ஏஎஸ் கிலோவுக்கு 50 மில்லிகிராம், தனித்தனிச் சேர்மங்களுக்கு அதைவிட மிகக் கடுமையான வரம்பு. 2030 முதல் பொதி எல்லாம் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான். இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தது சரியான முடிவு.

சோதனைச் செலவு உங்கள் ஒரு கடைக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் ஊர் ஓட்டல் சங்கம் சேர்ந்து ஒரு சப்ளையரின் சரக்குக்கு ஒரு முறை செய்யலாம். கரும்புச் சக்கைக் கிண்ணம் வாங்குகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். சக்கை நல்ல பொருள்தான், ஆனால் குழம்பு இறங்காமல் இருக்க அச்சில் வார்க்கும்போதே கூழில் ஃபுளோரின் கலக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் இருந்தது. அமெரிக்காவில் மக்கும் பொருட்களுக்குச் சான்று தரும் பிபிஐ அமைப்பு 2020 முதல் ஃபுளோரின் வரம்பு வைத்ததே அதனால்தான்.

கப் மெஷின்:

எல்லாவற்றையும் படித்தேன். தண்ணீரில் கரைக்கும் பூச்சு, அக்ரிலிக் டிஸ்பெர்ஷன் என்று, அது பூசிய கப் அட்டை (போர்டு) சாம்பிள் ஒன்று காட்டினார்கள். பாலித்தீன் இல்லை, சாதாப் பேப்பரோடு மறுசுழற்சிக்குப் போகும் என்கிறார்கள். என் பழைய மெஷினில் ஓடுமா? கூழ்த்தொட்டி, உங்கள் தொட்டியில் அது நிஜமாகவே கரையுமா?

கூழ்த்தொட்டி:

மெஷின் பற்றி எனக்குத் தெரிந்தது, பாலித்தீன் உருகி ஒட்டுகிற மாதிரி இது தாராளமாக உருகாது. பூச்சு மிக மெல்லிசு. பக்கத் தையல், அடிவட்டம் இரண்டு இடத்திலும் சூடும் அழுத்தமும் கொஞ்சம் பிசகினாலும் கப் ஒழுகும். மெஷின்காரரை வைத்து ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒழுகுகிறதா என்று கொதிக்கிற டீ ஊற்றியே பாருங்கள், பச்சைத் தண்ணீரில் தெரியாது.

கரைவது பூச்சைப் பொறுத்தது. நல்லது என்றால் படலமாக நிற்காமல் பொடியாக உடைந்துவிடும், நார் கிடைக்கும். சில பூச்சு பிசினாகி மெஷின் உருளையிலும் ஈரத்தாளைத் தாங்கிப் போகும் கம்பளத்திலும் ஒட்டும், அது பாலித்தீனைவிடத் தொல்லை. ஐரோப்பியக் காகித ஆலைகளின் கூட்டமைப்பான சேபி இதற்கென்று ஒரு சோதனை முறை வகுத்திருக்கிறது. எவ்வளவு நேரத்தில் கரைகிறது, சல்லடையில் என்ன மிஞ்சுகிறது, செய்த தாளில் பிசின் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். போர்டு விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் மத்தியக் காகித ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் விசாரித்துப் பாருங்கள்.

ஆய்வக மலர்:

ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக்கும் பாலிமர்தான். தமிழ்நாட்டுத் தடையில் "பிளாஸ்டிக் பூசிய" என்பதற்குள் அது வருமா என்பதை மெஷினில் ஏற்றுவதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள் சார். இன்னொரு கடன் வாங்கிவிட்டுக் கேட்கும் நிலை வர வேண்டாம்.

பொள்ளாச்சி மெஸ்:

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், குறை இருந்தால் திருத்துங்கள். கடையில் டீ, காபி கண்ணாடி கிளாஸிலும் டபராவிலும் மட்டும். பார்சல் காபிக்குத் தூக்கோ ஃபிளாஸ்கோ கொண்டுவருபவருக்கு விலை குறைத்துத் தரலாம். சாம்பார், சால்னா, பிரியாணிக்கும் டப்பா கொண்டுவந்தால் அப்படியே. இட்லி, பரோட்டாவுக்கு வாட்டிய இலை, மேலே அச்சில்லாத பூச்சில்லாத கிராஃப்ட் தாள். பஜ்ஜிக்கு ஃபுளோரின் இல்லாத கிரீஸ்புரூஃப் தாள். அதற்கு சப்ளையரிடம் எழுதி வாங்க வேண்டிய வாசகம் என்ன?

ஆய்வக மலர்:

நன்றாக இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: "இந்தத் தாளில் ஃபுளோரின் கொண்ட எந்தச் சேர்மமும் சேர்க்கப்படவில்லை. மொத்த ஃபுளோரின் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள். பாலித்தீன், பிஎல்ஏ, சிலிக்கோன், மெழுகுப் பூச்சு இல்லை. உணவு படும் பக்கம் புதுக் கூழ். மை இருந்தால் ஐஎஸ் 15495 தரம், வெளிப்பக்கம் மட்டும்." கீழே ஆலையின் பெயரும் தாளின் கிரேடும் தேதியும் இருக்க வேண்டும். வியாபாரியின் கையெழுத்து மட்டும் போதாது, ஆலையின் அறிக்கையாக வர வேண்டும். "ஃபுட் கிரேடு" என்ற இரண்டு சொல்லோடு ஒரு கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அச்சகம்:

இந்த வாசகத்தை என் கடையிலும் ஒட்டிவைக்கிறேன். பெட்டி கேட்டு வருபவரிடம் இனி நானே முதலில் பேசுவேன்.

கரவெட்டி:

இங்கே இரண்டு சாப்பாட்டுக் கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். நன்றி அக்கா.

கப் மெஷின்:

கூழ்த்தொட்டி தம்பி, அந்த டிஸ்பெர்ஷன் போர்டில் கொஞ்சம் பிளாங்க் (கப்பாக மடிக்காத துண்டு) வெட்டி வைத்திருக்கிறேன். அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா? பெரிய ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு பார்வை வேண்டும்.

கூழ்த்தொட்டி:

அனுப்புங்கள் சார். எங்கள் தரக்கட்டுப்பாட்டு அறையில் சின்ன பல்ப்பர் இருக்கிறது, ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கொண்டு போடுகிறேன். பிளாங்க் மட்டும் போதாது. டீ ஊற்றிக் குடித்துவிட்டுக் காயவைத்த கப்பும் சேர்த்து அனுப்புங்கள், ஒட்டின பக்கத் தையல்தான் கரையாமல் நிற்கும். உங்கள் பழைய பாலித்தீன் கப்பும் கொஞ்சம் வையுங்கள். இரண்டையும் ஒரே நேரம் அடித்து, சல்லடையில் மிஞ்சினதைக் காயவைத்து எடை போட்டு இங்கேயே படம் போடுகிறேன்.